கூட்டித் தள்ளும் இலையும் காசு கொடுத்து வாங்கும் உரமும்

நாலு வருடத்துக்கு முன்னால், தைப்பூசத்துக்கு முந்தின வாரம், அம்மாவின் மல்லிகைச் செடியைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இங்கே பினாங்கில், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும்போது அம்மா வீட்டுப் பூவையே தலையில் வைத்துக்கொள்ளட்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு பிடி யூரியாவை அள்ளித் தொட்டிக்குள் போட்டு ஒரு சொம்புத் தண்ணீரும் ஊற்றினேன். மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் காபித்தூள் நிறம். ஐந்தாம் நாள் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அம்மா செபராங் பிறைப் பக்கம் ஒரு செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் உரம் போடும் வேலை பார்த்தவர். இடுப்பில் பேசினை இடுக்கிக்கொண்டு, கிண்ணத்தால் அளந்து, மரத்தைச் சுற்றி வட்டமாக வீசிக்கொண்டே போகிற வேலை. செடியைப் பார்த்ததும் அவர் திட்டவில்லை. தொட்டியைக் காலால் மெல்லத் தள்ளிக் கால்வாய் ஓரம் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கேட்டார்: "தோட்டத்துல எங்களுக்குக் கிண்ணம் எதுக்குடா கொடுத்தாங்க? உரம் என்ன சோறா, அள்ளிப் போட? ஊறுகாய்டா அது."

அதற்குப் பிறகு உரத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் இந்த ஊறுகாய்க்கு எழுதிய விளக்கவுரை என்றே எனக்குப் படுகிறது. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவரானாலும் சரி, பாலிக் பூலாவ்வில் வீட்டைச் சுற்றி மண் இருக்கிற கொடுத்துவைத்தவரானாலும் சரி, புதிதாகச் செடி வளர்க்கிறவர்களுக்கு அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

செடி தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயு, வேர் வழியே தண்ணீர், அடுப்புக்கு வெயில், இலைதான் அடுக்களை. ஒரு செடியைப் பிடுங்கி நன்றாகக் காயவைத்து எடை போட்டால், அதில் நூற்றுக்கு 95 பங்கு போல கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்ற மூன்றுதான் இருக்கும். மூன்றுமே காற்றும் தண்ணீரும் கொடுத்தவை. மிச்சமுள்ள துளியில்தான் மண்ணிலிருந்து வரவேண்டிய 14 தனிமங்களும் அடக்கம். நாம் மூட்டையில் வாங்குவது அந்தத் துளியில் ஒரு பகுதியை. துளிதான் என்றாலும் அது இல்லாமல் சமையல் நடக்காது. ஆனால் வெயிலே படாத மூலையில் வைத்த இட்லிப்பூச் செடிக்கு எத்தனை உரம் போட்டாலும் அது பூக்காது. அடுப்பே எரியாத வீட்டில் ஊறுகாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஊறுகாய்க்கு இன்னொரு குணமும் உண்டு. எலுமிச்சையை நறுக்கி உப்பைப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் ஊறி நிற்கும். பழத்துக்குள் இருந்த தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது. தொட்டி மண்ணில் உரம் மிஞ்சிப்போனால் வேருக்கும் இதுதான் நடக்கிறது. வேர் மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்ச வேண்டியது போய், மண் வேரிலிருந்து தண்ணீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். மண் ஈரமாகத்தான் இருக்கும், செடி தாகத்தில் காயும். யூரியா வேதியியல் கணக்குப்படி உப்பு இல்லை. ஆனாலும் தண்ணீரில் கரைந்து நிற்கும்போது இதே இழுப்பு வேலையைச் செய்யும். போதாததற்குச் சில நாளில் அம்மோனியாவாக மாறி வேரை நேராகவே சுடும்.

அம்மா தொட்டியைக் கால்வாய் ஓரம் வைத்தது இதனால்தான். ரப்பர் குழாயை மெல்லத் திறந்துவிட்டு, அடியில் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்படி அரைமணி நேரம் விட்டார். அடுத்த இரண்டு நாளும் அதே வேலை. அப்புறம் கருகிய கிளைகளை வெட்டிவிட்டு நிழலில் ஒதுக்கி வைத்தார். ஒரு மாதத்துக்கும் மேலே ஆகி, அடித்தண்டில் அரிசி அளவுக்கு ஒரு பச்சைக் குருத்து எட்டிப் பார்த்தது. அந்தத் தைப்பூசத்துக்கு மார்க்கெட் ஸ்திரீட்டில்தான் பூ வாங்கினோம்.

கல்யாணச் சமையலும் மாதச் சம்பளமும்

கீரை, வெண்டை, துலுக்கச் சாமந்தி மாதிரியானவை விதைத்த சில மாதத்தில் காய்த்தோ பூத்தோ முடிந்துவிடும். மல்லிகை, செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, காகிதப்பூ, கறிவேப்பிலை, வெற்றிலைக் கொடி, பண்டான், செரை (எலுமிச்சைப்புல்) என்று நம் வாசலில் நிற்கிற பெரும்பாலானவை அப்படியில்லை. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் வேர்விட்டு நிற்கும். இவற்றைத்தான் பல்லாண்டுத் தாவரம் என்கிறோம்.

கீரைக்கு உரம் போடுவது கல்யாண வீட்டுச் சமையல். ஒரே நாள், பெரிய அண்டா, முடிந்ததும் கழுவிக் கவிழ்த்துவிடலாம். பல்லாண்டுச் செடிக்குப் போடுவது மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற மாதிரி. செடி தண்டிலும் வேரிலும் கொஞ்சம் சேமித்து வைத்திருக்கும், அதனால் ஒரு மாதம் உரம் தவறினாலும் குடி முழுகிவிடாது. அதேபோல் நாம் செய்கிற தப்பும் சேர்ந்துகொண்டே போகும். மண்தொட்டியின் விளிம்பில், மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே, சுண்ணாம்பு பூசினது மாதிரி வெள்ளைப் படலம் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போக, கரைந்திருந்த உப்புகள் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பது அது. பல மாதத்துப் பாக்கி. படலம் தடித்துவிட்டதென்றால் அடுத்த தவணை உரத்தை நிறுத்திவிட்டு, அம்மா செய்த மாதிரி ஒருமுறை மண்ணை நன்றாகக் கழுவிவிடுவது நல்லது.

குடும்பக் கணக்கு என்று வந்துவிட்டால் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு செலவாகிறது என்பதுதான். செடியின் இடத்திலிருந்து சத்து எந்த வழியாக வெளியே போகிறது? அதைப் பார்த்தால் எவ்வளவு திருப்பிக் கொடுப்பது என்பது ஏறக்குறையப் புரிந்துவிடும். உரப் பையின் பின்பக்கத்து அளவைவிட இந்தக் கணக்கையே நான் அதிகம் நம்புகிறேன்.

துடைப்பம், கத்தரிக்கோல், மழை

தண்ணீர்மலையில் 1884-இல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தைத் தாண்டி, காட்டுப் பாதையில் பத்து நிமிடம் ஏறிப் பாருங்கள். (குரங்குகள் இருக்கும். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம்.) பாதை ஓரமாக உட்கார்ந்து, காலடியில் கிடக்கும் இலைகளை ஒரு கையால் விலக்குங்கள். மேலே காய்ந்த முழு இலைகள். அதற்கடியில் பச்சையம் எல்லாம் போய் நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாகிவிட்ட இலைகள். அதற்கும் அடியில் கறுத்த, ஈரமான பொடி. அதில் வெள்ளை நூல் இழைகளாகப் பூஞ்சை. அந்த இழைகளோடு பின்னிக்கொண்டு தலைமுடி அளவில் மரங்களின் வேர்கள். இரண்டு மூன்று விரற்கடைக்குக் கீழே போனால் வெறும் செம்மண்களி. கொடிமலைச் சரிவு முழுக்க அத்தனை பெரிய மரங்களும் யாரும் ஒரு பை உரம் போடாமல் நிற்பது பெரும்பாலும் இந்த மெல்லிய போர்வையை நம்பித்தான். விழுந்த இலை மக்குகிறது, மக்கினதை வேர் எடுத்துக்கொள்கிறது, மறுபடி இலையாகிறது. வெளியே போவது கொஞ்சம்தான்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? விடிந்ததும் வாசல் கூட்டுவது நம் கையோடு பிறந்த பழக்கம். ஒரு இலை கிடந்தால் மனசு கேட்காது. கூட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, குப்பை லோரியில் ஏற்றிவிடுகிறோம். அப்புறம் கடைக்குப் போய் வேறொரு பிளாஸ்டிக் பையில் உரம் வாங்கி வருகிறோம். உதிர்வதற்கு முன் செடி இலையிலுள்ள தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) ஏறக்குறையப் பாதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மீதி இலையோடுதான் விழுகிறது. அதைத்தான் நாம் லோரியில் ஏற்றி அனுப்புகிறோம்.

வாசலைக் கூட்டாதீர்கள் என்று சொன்னால் என் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடைக்காது. கூட்டுங்கள், கூட்டினதைச் செடியின் அடியில் தள்ளிவிடுங்கள், அவ்வளவுதான். தண்டை ஒட்டிக் குவிக்காமல் நாலு விரல் தள்ளிப் பரப்பினால் போதும். செம்பனைத் தோட்டங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள். வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு நடுவே அடுக்கி மக்கவிடுவார்கள். ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலைகளையும் லோரியில் திரும்பக் கொண்டுவந்து கொட்டுவார்கள். லாபக் கணக்குப் பார்க்கிற தோட்டமே குப்பையைத் திருப்பிக் கொண்டுவருகிறது என்றால் அதில் காசு இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது வழி கத்தரிக்கோல். கறிவேப்பிலையைத் தினம் ஒடிக்கிறோம். நம் வீட்டுக்கு மட்டுமா? எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவுக்கு, பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கு, தாளிக்கும்போது ஞாபகம் வந்து ஓடிவருகிற எல்லாருக்கும். ஒடித்த ஒவ்வொரு கொத்தும் அந்த மண்ணைவிட்டுப் போன சத்து. அதனால் கறிவேப்பிலை, பண்டான், வெற்றிலை மாதிரி இலையைப் பறித்துக்கொண்டே இருக்கும் செடிகளுக்குத் திருப்பிக் கொடுப்பதும் அதிகமாக இருக்கவேண்டும். பூசைக்கு நாலு பூ மட்டும் பறிக்கிற நந்தியாவட்டை அதிகம் கேட்காது. வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூவுக்குத் தழைச்சத்தே போடவேண்டியதில்லை. பினாங்கு ஞோஞ்யா பலகாரங்களுக்கு நீல நிறம் கொடுக்கிற அதே பூதான். பயறு இனம் என்பதால், வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாவை வைத்துக் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது மழை. நம் ஊரில் கணக்கைக் குலைப்பது இதுதான். தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறியதும் தண்ணீர் போகிற பக்கமெல்லாம் கூடவே போகும். களிமண் துகள்களின் மின்னேற்றமும் நைட்ரேட்டின் மின்னேற்றமும் பெரும்பாலும் ஒரே வகை, ஒன்றையொன்று தள்ளும், பிடித்து வைக்காது. மாலையில் இடியோடு ஒரு மணி நேரம் அடித்து ஊற்றினால், மத்தியானம் போட்ட உரத்தில் பாதி கால்வாய்க்குப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மணிச்சத்தின் கதை நேர்மாறு. அது எங்கும் போகாது. பழசாகி இற்றுப்போன நம் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் நிறைய. அமிலத்தன்மையும் அதிகம். போட்ட மணிச்சத்தை அவை பிடித்துப் பூட்டிவிடும்; செடிக்குப் பக்கத்திலேயே இருக்கும், வாய்க்கு எட்டாது. தோட்டங்களில் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த பாறை பாஸ்பேட் பொடியைப் போடும் வழக்கம் இதை ஒட்டியதுதான். அமில மண்ணில் அது மெதுவாகக் கரைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து மக்கிய எரு. மக்கினது சத்தைப் பஞ்சு மாதிரிப் பிடித்து வைக்கும், இரும்பின் பூட்டையும் கொஞ்சம் தளர்த்தும். மலையை வெட்டிக் கட்டிய புதுத் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு அடிக்களியை நிரவியிருப்பார்கள். அங்கே முதல் வருடம் உரப்பை வாங்கும் காசில் முக்கால்வாசியை எருவுக்குச் செலவழியுங்கள் என்பேன்.

பையில் இருக்கும் மூன்று எண்

சரி, கடைக்குப் போவோம். உரப் பையில் 15-15-15, 12-12-17-2 என்று எண்கள் இருக்கும். முதல் எண் நைட்ரஜன், இரண்டாவது பாஸ்பரஸ், மூன்றாவது பொட்டாசியம். நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு. நாலாவதாக ஒன்று இருந்தால் அது மெக்னீசியம். இந்த எண்களில் பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் அவற்றின் ஆக்சைடு எடையாகத்தான் போடுவார்கள், அது பழைய வழக்கம். வீட்டுத்தோட்டத்துக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை.

தமிழில் இவற்றுக்கு வைத்த பெயர்கள் எனக்குப் பிடிக்கும். நைட்ரஜன் தழைச்சத்து: தழைய வைப்பது. பாஸ்பரஸ் மணிச்சத்து: மணி என்றால் இங்கே நெல்மணி, வயலைப் பார்த்து வைத்த பெயர். மல்லிகைக்கு நெல்மணி ஏது என்று கேட்காதீர்கள். வேர் பிடிக்கவும் பூ எடுக்கவும் இது வேண்டும். பொட்டாசியம் சாம்பல் சத்து: விறகுச் சாம்பலில் கிடைத்ததால். வெள்ளைக்காரர்களின் பொட்டாஷ் என்ற சொல்லுக்கும் சட்டிச் சாம்பல் என்பதுதான் மூல அர்த்தம். தண்டுக்கு உறுதி, வறட்சி தாங்கும் வலு, பூவும் காயும் திரள்வது எல்லாம் இதன் பொறுப்பு.

நர்சரியில் அதிகம் விற்பது பச்சைக் குருணையும் நீலக் குருணையும். பச்சை 15-15-15, பொதுவாக இலைக்கும் வளர்ச்சிக்கும். 'பாஜா பீரு' என்று கேட்டால் நீலத்தை எடுத்துக் கொடுப்பார்கள்; 12-12-17-2, பூவுக்கும் காய்க்கும். நிறம் அடையாளத்துக்குச் சேர்த்த சாயம்தான், அதில் சத்து ஒன்றும் இல்லை. கறிவேப்பிலைக்கும் பண்டானுக்கும் பச்சை, மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் நீலம் என்று வைத்துக்கொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன், வேறெதுவும் இல்லை. பக்கத்திலேயே கெடா கூருனில் இயற்கை எரிவாயுவிலிருந்து அதைத் தயாரிக்கிறார்கள். நல்ல உரம்தான். வயலுக்கு.

இப்போது என் குற்றத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிடி யூரியா 50 கிராம் என்று வைத்தால் அதில் 23 கிராம் நைட்ரஜன். அந்தத் தொட்டிக்கு அம்மா மாதம் ஒருமுறை போடுவது ஒரு தேக்கரண்டி பச்சைக் குருணை, சுமார் 5 கிராம். அதில் நைட்ரஜன் முக்கால் கிராம். முப்பது மாத ஊறுகாயை ஒரே வாயில் திணித்திருக்கிறேன்.

மூன்று எண்ணில் எது பெரிதாக இருந்தால் நல்லது என்று கேட்பார்கள். வீட்டில் அரிசி ஒரு மூட்டை இருந்தாலும் உளுந்து ஒரு கைப்பிடிதான் என்றால், அந்தக் கைப்பிடி அளவுக்குத்தான் தோசை. செடியும் அப்படித்தான்; எந்தச் சத்து மிகக் குறைவோ அதுதான் வளர்ச்சிக்கு எல்லை போடும். 19-ஆம் நூற்றாண்டிலேயே கார்ல் ஷ்பிரெங்கல், யுஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள். காகிதப்பூவுக்குத் தழைச்சத்தையே திரும்பத் திரும்பக் கொட்டினால், அரிசியை மட்டும் ஊறவைத்துக்கொண்டிருக்கிற கதைதான். இலை இலையாக வளரும், பூ வராது.

எப்போது போடுவது

இணையத்தில் தோட்டக்கலைக் காணொளி பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் குழம்பிப்போவார்கள். வசந்தம் பிறக்கும்போது உரமிடு, கோடை முடிவதற்குள் நிறுத்து என்று அதில் சொல்வார்கள். அந்த ஊர்களுக்கு அது சரி. கோடைக் கடைசியில் உரம் போட்டால் இளந்தளிர் விடும், உறைபனி வந்து அதைக் கருக்கிவிடும். பினாங்கில் பனி எங்கே வருகிறது? நம் செடிகள் வருடம் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கின்றன. நமக்கு வெயிலும் மழையும்தான் பருவம்.

நான் பண்டிகையை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்கிறேன். தைப்பூசத்தை ஒட்டிய ஜனவரி, பிப்ரவரி இங்கே வறட்சி மாதங்கள். அப்போது குருணை உரம் வேண்டாம்; மண்ணில் ஈரம் இல்லாமல் உப்பு மட்டும் தங்கும். (நான் யூரியா போட்ட வாரத்தை இன்னொரு முறை பாருங்கள்.) காகிதப்பூ மட்டும் அந்த வறட்சியில்தான் கொத்துக்கொத்தாகப் பூக்கும், அதை அதன் போக்கில் விடுங்கள். பூசம் போய் மழை திரும்பத் தொடங்கியதும் கிளைகளைக் கவாத்து செய்து எருவும் குருணையும் போடலாம். சித்திரைப் புத்தாண்டு வாக்கில் புதுத்தளிர் ஓடிக்கொண்டிருக்கும். மல்லிகை, இட்லிப்பூ, செம்பருத்தி எல்லாம் புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். வெட்டின சுமார் ஆறு எட்டு வாரத்தில் பூ பார்க்கலாம். தீபாவளிக்கு வீட்டுப் பூ வேண்டுமென்றால் ஆகஸ்டு மாதக் கடைசியிலேயே கத்தரியை எடுத்துவிடுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை கொட்டும். அப்போது ஒரேயடியாகப் போடாமல் அளவைப் பாதியாக்கி இரண்டு தவணையாகப் போடுங்கள். மழைக்கு முன்னால் வேண்டாம். பெய்து ஓய்ந்த மறுநாள், மண் ஈரமாக இருக்கும்போது போடுவது நல்லது. பிளாஸ்டிக் போலப் பூச்சுப் பூசிய மெதுவாகக் கரையும் குருணைகள் இந்த மாதங்களில் கைகொடுக்கும். பையில் ஆறு மாதம் வரும் என்று போட்டிருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். சூடு கூடக்கூட அது வேகமாகக் கசியும். குளிரான ஊருக்குப் போட்ட கணக்கு நம் ஊர்ச் சூட்டில் முன்னாலேயே முடிந்துவிடும்.

புதிதாக நட்ட செடிக்கு மூன்று நாலு வாரம் ஒன்றும் போடவேண்டாம், அறுபட்ட வேர் ஆறட்டும். வாடி வதங்கி நிற்கிற செடிக்கும் அப்படியே. முதலில் அது ஏன் வாடுகிறது என்று பாருங்கள். வேர் அழுகலா, பூச்சியா, தண்ணீர் தேங்குகிறதா? காரணம் தெரியாமல் உரம் போடுவது, காய்ச்சலில் படுத்துக் கிடப்பவனுக்கு நாசி கண்டார் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகிற மாதிரி.

எங்கே, எவ்வளவு

தண்டின் அடியில் குவிக்காதீர்கள். உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் தண்டிலிருந்து தள்ளி, கிளைகளின் நிழல் முடிகிற விளிம்பு வரைக்கும் பரவியிருக்கும். அந்த வளையத்தில் தூவி, மேல்மண்ணை ஒரு விரல் ஆழம் கிளறி மூடித் தண்ணீர் விடுங்கள். தொட்டியில் விளிம்பை ஒட்டித் தூவினால் சரி. மூடுவது முக்கியம். அதிலும் யூரியாவை மண் மேலே அப்படியே விட்டால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், மூக்கைக் குத்தும் வாடையே அதற்குச் சாட்சி.

நான் போடும் அளவைச் சொல்கிறேன். ஒரு அடி அகலத் தொட்டிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி குருணை. தரையில் நிற்கும் இடுப்பளவுச் செடிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மேசைக்கரண்டி, கூடவே வருடத்தில் இரண்டு முறை, மக்கிய கோழி எரு இரண்டு மூன்று கைப்பிடி. 'தாஹி ஆயாம்' என்று பை போட்டு விற்கிற உலர்ந்த குருணை எரு நல்லது. பண்ணையிலிருந்து நேராக வரும் பச்சை எருவில் சூடு அதிகம், ஈயும் வரும், தாமான் முழுக்கப் பேச்சும் வரும்.

இலையைப் பார்த்து என்ன குறை என்று ஓரளவு சொல்லிவிடலாம். நைட்ரஜன் குறைந்தால் அடி இலைகள் முதலில் வெளுக்கும், ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து அதைப் பிடுங்கித் தளிருக்குக் கொடுத்துவிடும். அடி இலையில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம் குறைவாக இருக்கலாம். அடி இலையின் ஓரம் காய்ந்தால் பொட்டாசியத்தைச் சந்தேகிக்கலாம். அதுவே தளிர் இலையில், நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்றதெல்லாம் வெளுத்துப்போனால் பெரும்பாலும் இரும்பு.

இந்தக் கடைசி ஒன்றைப் பினாங்கில் தெருத் தெருவாகப் பார்க்கலாம். மதிலை ஒட்டி வரிசையாக நட்ட இட்லிப்பூச் செடிகளில் மதில் பக்கம் மட்டும் மஞ்சள் பூத்து நிற்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. நம் செம்மண்ணின் நிறமே இரும்பு கொடுத்ததுதான். மதில் கட்டும்போது கொட்டிய சிமெண்டும் சாந்தும் மண்ணில் சுண்ணாம்பைக் கலந்து அமிலத்தன்மையைக் குறைத்துவிட்டன. அமிலம் குறைந்தால் இரும்பு கரையாது, இட்லிப்பூ அமில மண்ணுக்குப் பழகிய செடி. எங்கள் தாமானில் ஒரு அங்கிள் இப்படிப்பட்ட வரிசைக்கு மூன்று மாதம் நீலக் குருணையாகப் போட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் மாறவே இல்லை. அப்புறம் சாந்துக் கட்டிகளைத் தோண்டி எடுத்து, மக்கினதை நிரப்பி, இரும்புச்சத்துக் கரைசலை இரண்டு தடவை தெளித்த பிறகுதான் பச்சை திரும்பியது.

வீட்டு வைத்தியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாம், கெடுதல் இல்லை, ஆனால் அதில் இருக்கும் சத்து யானைப் பசிக்குச் சோளப்பொரி. முட்டை ஓட்டைத் தூளாக இடித்துப் போட்டால் அமில மண்ணில் மெல்லக் கரைந்து சுண்ணாம்புச் சத்துக் கொடுக்கும். பாதி ஓடாகக் கவிழ்த்து வைத்தால் அலங்காரம்தான். மீன் கழுவிய தண்ணீர் நல்லதுதான், பூனைகளும் அப்படியே நினைக்கும். கால்வாய் பக்கத்து வீடு என்றால் உடும்பும் வரும். வாழைப்பழத் தோலை வாளியில் ஊறவைத்து வாரக்கணக்கில் திறந்து வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் செடிக்கு வருகிற லாபத்தைவிட ஏடிஸ் கொசுவுக்கு வருகிற லாபம் பெரிது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொசுப்புழு இருந்தால் சுகாதார அதிகாரி சம்மன் எழுதிவிட்டுப் போவார். தோலை நறுக்கி நேராக மண்ணில் புதைத்தால் வேலை முடிந்தது.

வாங்கிய உரம் மிஞ்சினால் பையைச் சுருட்டி ரப்பர் மாட்டி வைப்பது போதாது. நம் ஊர் ஈரக்காற்றில் குருணை நீர்விட்டு ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு மாதத்தில் கல்லாகிவிடும். இறுக்கமான மூடியுள்ள டப்பா வேண்டும், குழந்தை கைக்கு எட்டாத இடமும் வேண்டும். எங்கள் வீட்டில் அது பழைய மைலோ டின், பின்கட்டுப் பரணில் இருக்கிறது. உள்ளே விளிம்பு மழுங்கிய ஒரு கிண்ணமும் கிடக்கிறது. செடிக்கு உரம் எடுக்க நான் அதைத் திறக்கும்போதெல்லாம், அடுக்களையில் என்ன வேலையாக இருந்தாலும், அம்மா ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.